48 வயதில் ஒரு ஹார்ட்டெயில்: 14 மாத ஓட்டத்துக்குப் பின்

கடந்த 14 மாதங்களாக நான் ஓட்டிவரும் மலைச்சைக்கிளைப் பற்றிய மதிப்புரை இது. அலுமினியச் சட்டம், முன்சக்கரத்தைத் தாங்கி 130 மில்லிமீட்டர் அமுங்கும் முன் ஃபோர்க், 29 அங்குலச் சக்கரங்கள், 2.4 அங்குல அகல டயர்கள், ஷிமானோ நிறுவனத்தின் டியோர் என்ற 12 வேகக் கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தாழ்த்தவும் உயர்த்தவும் கூடிய ட்ராப்பர் சீட் போஸ்ட் ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். பின்பக்கத்தில் சஸ்பென்ஷன் கிடையாது. அதனால்தான் இவ்வகைக்கு ஹார்ட்டெயில் என்று பெயர். பெடல்களையும் சேர்த்து வீட்டுத் தராசு 14.3 கிலோ காட்டியது.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஏறத்தாழ இதே கோணங்களோடும் இதே பாகங்களோடும் வண்டி விற்கிற நிறுவனங்கள் பல இருக்கின்றன. நான் சொல்லப்போவதும் சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பற்றியதன்று, இந்த வகை வண்டியைப் பற்றியது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெருநகரத்தில் அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடியில் குடியிருந்துகொண்டு, மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை மட்டுமே ஒற்றையடிப் பாதைக்குப் போக வாய்க்கிற, 20 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பிவந்த ஒருவனின் கணிப்பு இது. வாரத்தில் நான்கு நாள் ஓட்டுகிற 25 வயதுக்காரருக்கு இதில் பாதி பொருந்தாது.

என்னிடம் ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரே அளவுகோல், 1999-இல் வாங்கிய என் பழைய வண்டி. அதன் சக்கரம் 26 அங்குலம்; ஃபோர்க் 63 மில்லிமீட்டர் அமுங்கும் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிதான் அமுங்கும்; ஹேண்டில்பாரின் அகலம் 58 சென்டிமீட்டர்; அதைத் தாங்கும் ஸ்டெம் 12 சென்டிமீட்டர் முன்னால் நீண்டிருக்கும். புதிய வண்டியின் அளவுப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தேன். ஹேண்டில்பார் 78 சென்டிமீட்டர், ஸ்டெம் 4.5 சென்டிமீட்டர். முன் ஃபோர்க் தரையோடு அமைக்கும் கோணம் அன்று 71 பாகையாக இருந்தது, இன்று 65.5; எண் குறைந்தால் சாய்வு கூடுகிறது என்று பொருள். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம் முன்பைவிட நீண்டு 1.2 மீட்டரைத் தொட்டிருக்கிறது.

இந்த எண்கள் ஏன் இப்படி மாறின என்பதற்குள் ஒரு சிறிய வரலாறு இருக்கிறது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து மலையொன்றில் ரீபேக் என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியபோது, அதில் ஓடியவை பருத்த டயர்களும் சாய்ந்த முன்பக்கமும் கொண்ட பழைய காலத்துச் சாதாரணச் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கிற அவற்றின் பிரேக்குகள் ஒவ்வோர் இறக்கத்திலும் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துபோக, மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. பின்னர் 90களில் ஏற்றமும் இறக்கமும் கலந்த நெடுந்தூரப் பந்தயங்கள் இந்த விளையாட்டின் முகமாயின; 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்ததும் அவ்வகைப் பந்தயமே. ஏறுவதில் வேகத்தை எதிர்பார்த்த அந்தக் காலம் வண்டியின் முன்பக்கத்தை நிமிர்த்தி, ஓட்டுபவரைச் சாலைச் சைக்கிள்போலக் குனியவைத்தது. என் 1999 வண்டி அந்தக் காலத்துப் பிள்ளை. இன்றைய வண்டிகள் சுற்றிவளைத்து மீண்டும் சாய்ந்த முன்பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

முதல் இறக்கத்திலேயே வேறுபாடு விளங்கிவிட்டது. பழைய வண்டியில் செங்குத்தான இடத்துக்கு வந்தால் என் மூக்கு முன்சக்கரத்தையும் தாண்டி நிற்பதுபோலத் தோன்றும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, வயிறு சீட்டில் உரசத் தொங்கியபடிதான் இறங்க வேண்டியிருக்கும். இதில் முன்சக்கரம் வெகுதூரம் முன்னால் இருப்பதால், வேர்களின் மீதும் உருண்டைக் கற்களின் மீதும் ஏறி இறங்கும்போது தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பெருமளவு குறைகிறது. ஆனால் யாரும் எனக்கு முன்னதாகச் சொல்லாத ஒன்று உண்டு. பின்னுக்குத் தொங்குகிற அந்தப் பழைய பழக்கம் உடம்பில் 20 ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருந்தது. இந்த வண்டியிலோ அதுவே ஆபத்து. முன்சக்கரத்தின் மேல் எடை இல்லையென்றால், வளைவில் அது பிடிமானமின்றி வழுக்கிப் பக்கவாட்டில் ஓடிவிடும். முதல் இரண்டு மாதங்களில் நான் மூன்று முறை விழுந்தேன். மூன்றும் வளைவில், மூன்றும் முன்சக்கரம் வழுக்கியதால். அஞ்சும் நேரத்தில் பின்வாங்காமல் மார்பை ஹேண்டில்பாரின் பக்கம் தாழ்த்த வேண்டும் என்பதை மூளை ஒரு மாலையில் புரிந்துகொண்டது. தோளும் இடுப்பும் புரிந்துகொள்ள நான்கு மாதங்களாயின. ஓட்டத் தெரிந்தவன் என்ற நினைப்போடு திரும்பி வருபவருக்கு, புதிதாகக் கற்பவரைவிட இது கடினம் என்றே கருதுகிறேன்.

ஏற்றத்தில் இதே சாய்வு ஓரளவு தொல்லை தருகிறது. நடைவேகத்தில் கொண்டை ஊசி வளைவொன்றில் ஏறும்போது முன்சக்கரம் இடமும் வலமும் அலையும். சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். சீட் குழாயை நிமிர்த்தி அமைத்திருப்பதால் தொடையின் விசை நேராகப் பெடலுக்கு இறங்குகிறது என்பது இதற்கு ஈடு. முன்பெல்லாம் நீண்ட ஏற்றத்தின் முடிவில் வருகிற கீழ்முதுகு வலி இப்போது வருவதில்லை.

இந்த வண்டியில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் ட்ராப்பர் சீட் போஸ்டைத்தான் வைத்துக்கொள்வேன். இடது கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தி உட்கார்ந்தால் சீட் 15 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. மறுபடி அழுத்தினால் தானே எழுந்து நிற்கிறது. முன்பு இறக்கம் வருமுன் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, கவ்வியைத் தளர்த்திச் சீட்டை இறக்குவோம். கூட வந்தவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் பெரும்பாலும் இறக்காமலே போவோம். உயர்ந்த சீட் இறக்கத்தில் ஓட்டுபவரைப் பின்னிருந்து முட்டித் தள்ளும். நடுவயதில் இதன் அருமை இன்னும் கூடுகிறது: தயக்கம் வந்த இடத்தில் சீட்டைத் தாழ்த்திவிட்டு இரண்டு கால்களையும் தரையில் ஊன்ற முடிகிறது. விழாமலிருக்க முடியும் என்ற உறுதி இருந்தால் முயன்றுபார்க்கத் துணிவு வருகிறது.

பிரேக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சக்கர விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பழைய ரிம் பிரேக்கை நான்கு விரல்களால் இறுக்கி, முன்கை மரத்துப்போய் இறக்கத்தின் நடுவில் நின்றது நினைவிருக்கிறது. இதில் ஆள்காட்டி விரல் ஒன்றே போதும், ஈரத்திலும் போதும். புதிய டிஸ்க் பிரேக்கை வாங்கியவுடன் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து இருபது முப்பது முறை படிப்படியாகப் பிடித்து விட்டுப் பழக்க வேண்டும்; அதன் பிறகே முழுப் பிடிமானம் கிடைக்கும்.

கியரைப் பற்றிச் சொல்லப்படும் புகழ்ச்சிகளில் பாதிதான் உண்மை. முன்னால் 32 பற்கள் கொண்ட ஒரே வட்டு, பின்னால் 10 முதல் 51 பற்கள் வரை 12 வட்டுகள். மிக இலகுவான கியரில் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.44 மீட்டர் நகர்கிறது. என் பழைய வண்டியில் முன்னால் 22, பின்னால் 32. சிறிய சக்கரத்தோடு கணக்கிட்டால் 1.42 மீட்டர். ஆக, ஏற்றம் முன்பைவிட எளிதாகிவிடவில்லை, எண்கள் மட்டுமே பெரிதாகியிருக்கின்றன. உண்மையான ஆதாயம் வேறோரிடத்தில் இருக்கிறது. முன்பக்கக் கியர் நெம்புகோலே இல்லை. மூச்சு முட்டும் நேரத்தில் இரண்டு நெம்புகோல்களில் எதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. பாதையில் பள்ளத்தைத் தாண்டும்போது செயின் கழன்று விழுவதும் இந்த 14 மாதங்களில் ஒருமுறைகூட நிகழவில்லை.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இந்த வண்டியை மதிப்பிட முடியாது. உச்ச இதயத் துடிப்பைக் கணிக்கப் பயன்படும் ஒரு சராசரிக் கணக்கு, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 27 வயதில் எனக்கு அது 189 என்றால், இன்று 174. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும் என்றாலும், செங்குத்தான ஏற்றமொன்றின் கடைசி 50 மீட்டரில் அந்தப் பதினைந்து துடிப்புகள் எங்கே போயின என்பது எனக்குத் தெரிகிறது. அதைவிடப் பெரிய மாற்றம், களைப்பு தீர எடுக்கும் நேரம். அன்று ஞாயிறு ஓடிவிட்டுத் திங்கள் மறந்துபோகும். இன்று புதன்கிழமை வரை முன்கைகளும் தோள்களும் கணக்குக் கேட்கின்றன. கண்ணும் மாறியிருக்கிறது. பாதை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் காற்றழுத்த மானியின் எண்களையும் ஃபோர்க்கின் மேல் உள்ள அளவுக் கோடுகளையும் படிக்க வாசிப்புக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. கருவிப் பையில் ஆறாவது ஆலன் கீக்கு (அறுகோணத் திருகுச் சாவிக்கு) இருந்த இடத்தில் இப்போது அந்தக் கண்ணாடி இருக்கிறது.

பின்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி இந்த வயதுக்கு ஏற்றதா என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. முதுகுக்கு இதமானது முழுச் சஸ்பென்ஷன் வண்டிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் பின்பக்கத்தில் ஒரு ஷாக்கும் பல இணைப்பு மூட்டுகளும் அவற்றுக்கான பேரிங்குகளும் உண்டு. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அவை கவனிப்பைக் கேட்கும். மாதம் இருமுறை ஓட்டுபவனுக்கு அது பயன்படுத்தாத அறைக்கு வாடகை கட்டுவதைப் போன்றது. டயரின் காற்றைக் குறைத்ததே எனக்குப் பெரும் நிவாரணமாக அமைந்தது. 78 கிலோ எடையுள்ள நான் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்து ஓட்டுகிறேன். 40-க்குக் குறைந்தால் பஞ்சர் என்று கற்றுக்கொண்ட தலைமுறைக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். டியூப் இல்லாமல் ஓட்டுவதால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்குகிற அந்தப் பழைய பஞ்சர் இப்போது இல்லை. வண்டியின் மேல் ஏறி நின்றால் ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 20 முதல் 25 விழுக்காடு அமுங்க வேண்டும் என்ற கணக்கையும் சரியாக வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரம் வரை முதுகு ஒத்துழைக்கிறது. மூன்றாவது மணி நேரத்தில் ஹார்ட்டெயில் தன் குணத்தைக் காட்டும். பெடலின் மீது எழுந்து நின்று முழங்காலையே ஸ்பிரிங்காக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முழங்கால்களும் என் வயதுடையவை.

இனி நகரம். வண்டியை வாங்குவதற்கு முன் நான் அளந்திருக்க வேண்டியது என் கால் நீளத்தை அல்ல, எங்கள் கட்டட லிஃப்டின் ஆழத்தைத்தான். வண்டி நேராக நுழையாது. பின்சக்கரத்தில் நிற்கவைத்து, முன்சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கி, 78 சென்டிமீட்டர் ஹேண்டில்பாரைக் கோணலாகத் திருப்பித்தான் உள்ளே கொண்டுபோக முடிகிறது. வேறொருவர் உள்ளே இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பதே மரியாதை. சில நாட்கள் முன்சக்கரத்தைக் கழற்றிவிடுகிறேன். சக்கரம் இல்லாத நிலையில் தவறிப் பிரேக் நெம்புகோலை அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் பிரேக் பட்டைகள் ஒட்டிக்கொண்டு சக்கரத்தின் பிரேக் வட்டு மறுபடி நுழையாது. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் துண்டை அந்த இடைவெளியில் செருகிவைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே அதைக் குப்பையில் போட்டவன் நான்.

ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்துக்குப் போக எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காரின் பின் இருக்கைகளை மடக்கி, இரு சக்கரங்களையும் கழற்றி, பழைய போர்வையை விரித்து ஏற்றுவது, இறக்குவது, திரும்பி வந்து சேற்றைத் துடைப்பது எல்லாவற்றையும் கூட்டினால், இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு ஏழு மணி நேரம் செலவாகிறது. சைக்கிளிலேயே அங்கு போய்விடலாம் என்று ஒருமுறை முயன்றேன். முண்டுமுண்டான டயர்கள் தார்ச்சாலையில் ரீங்காரமிட்டபடி கால்களின் வலிமையை உறிஞ்சிவிட்டன. பாதையின் தொடக்கத்தை அடைந்தபோதே நான் முடிந்துபோயிருந்தேன். நகரத்துக்குள் அன்றாடம் ஓட்டவும் இதே வண்டி போதும் என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். நகரம் தருகிற ஒன்று உண்டு, அது வண்டி நிறுத்தும் அடித்தளம். வாரநாள் இரவுகளில் 20 நிமிடம் அங்கே அசையாமல் நிற்பதையும், முன்சக்கரத்தை மட்டும் தூக்குவதையும், தரையில் போட்ட கோடொன்றின் மேல் நத்தை வேகத்தில் போவதையும் பழகுகிறேன். காவலாளி வேடிக்கை பார்ப்பார். மலையில் கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி அந்த அடித்தளத்தில் விளைந்தது.

அரிதாக ஓட்டுபவருக்கே உரிய குறையொன்று டியூப்லெஸ் டயரில் இருக்கிறது. துளையை அடைக்க உள்ளே ஊற்றும் ரப்பர்பால் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். சக்கரம் சுழன்றுகொண்டேயிருந்தால் சீராகப் பரவியிருக்கும். வண்டி சுவரில் மூன்று வாரம் தொங்கினால் அடியில் தேங்கி, அங்கேயே தயிர்போலத் திரண்டுவிடும். ஆளில்லாப் பாதையில் முள் குத்தி, திரவம் வெளிவராமல் காற்று மட்டும் வெளியேறிய ஒரு காலையில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். இப்போது பத்து வாரத்துக்கு ஒருமுறை திரவத்தைச் சேர்க்கிறேன், நடுவில் போகவர இருக்கும்போதெல்லாம் தொங்கும் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிடுகிறேன். மற்றப் பராமரிப்பு பெரிதில்லை. ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்ற வேண்டும். இதுவரை சுமார் 95 மணி நேரம் ஓடியிருக்கிறேன், ஒருமுறை முடிந்தது, அடுத்தது நெருங்குகிறது. 12 வேகச் செயின் 0.5 விழுக்காடு நீண்டாலே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் விலையுயர்ந்த பின்வட்டுத் தொகுதியையும் சேர்த்துத் தின்றுவிடும். என்னுடையது இன்னும் அந்த அளவை எட்டவில்லை.

குறைகள் சில. பிரேக் குழாய்களையும் கேபிள்களையும் ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள பேரிங்கின் ஊடே சட்டத்துக்குள் செலுத்தியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அந்தப் பேரிங்கை மாற்ற வேண்டிய நாளில் பிரேக் குழாயையே துண்டிக்க வேண்டியிருக்கும். அழகுக்காகப் பழுதுபார்ப்பவரைத் தண்டிக்கிற இந்த வடிவமைப்பை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. உடன் வந்த சீட் பலகைபோல இருந்ததால் மாற்றினேன். கைப்பிடி உறைகள் வியர்வையில் சுழன்றதால் திருகு வைத்தவற்றைப் போட்டேன். பெடல்கள் உடன் வரவில்லை. ஆணிகள் பதித்த தட்டைப் பெடல்களை வாங்கினேன், அவற்றின் தடம் என் வலது கெண்டைக்காலின் முன்புறத்தில் இருக்கிறது. விற்ற கடைக்காரர் சீட் போஸ்ட் கவ்வியை வேண்டியதற்கு மேல் முறுக்கி அனுப்பியிருந்தார். குழாய் நெரிக்கப்பட்டு ட்ராப்பர் பாதி வழியில் சிக்கிக்கொண்டே இருந்தது. பாகம் பழுது என்று அவர் சாதித்தார். சட்டத்தில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு நானே முறுக்குமானியால் தளர்த்திய பிறகு இன்றுவரை சிக்கவில்லை. அந்தக் கருவியை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. தலைக்கவசமும் புதிதாகவே வாங்க வேண்டும். பரணில் கிடந்த பழையதன் உள்நுரை, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது.

முழுச் சஸ்பென்ஷன் வண்டியின் மீது எனக்கு இப்போதும் ஆசை உண்டு; ஆனால் இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் இதே வகையைத்தான் வாங்குவேன், கேபிள்கள் சட்டத்துக்கு வெளியே ஓடுகிற ஒன்றாகப் பார்த்து. மலைப்பாதைக்கு அருகில் வசித்து அடிக்கடி ஓட்டுபவர்களுக்கும் முதுகுத்தண்டில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மின்மோட்டார் பொருத்திய மலைச்சைக்கிளை ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன், ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை; 20 கிலோவைத் தாண்டும் அதை அந்த லிஃப்டில் நிமிர்த்தி நிறுத்துவதைக் கற்பனை செய்ததும் பேச்சு முடிந்துவிட்டது.

பழைய 1999 வண்டியை விற்கவில்லை. 26 அங்குலத்துக்கு நல்ல மலை டயர்கள் கிடைப்பது குறைந்துவிட்டதால், முண்டில்லாத வழவழப்பான டயர்களைப் போட்டுக் காய்கறி வாங்கவும் ரயில் நிலையம் போகவும் வைத்திருக்கிறேன். அந்த 58 சென்டிமீட்டர் ஹேண்டில்பாருடன் அது லிஃப்டுக்குள் நேராக நுழைகிறது. பக்கத்தில் இன்னொருவர் நிற்கவும் இடம் இருக்கிறது.